கம்யூனிட்டி காலேஜ் முடித்துவிட்டேன். விவசாயிகளுக்காகப் பேசுவதையே தொழிலாக்க முடியுமா?

ஒட்டன்சத்திரத்துப்பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ பக்கம் இருக்கிறேன். வயது 23. இந்த மே மாதம்தான் இங்குள்ள ஒரு கம்யூனிட்டி காலேஜில் வேளாண் வணிகம் முடித்தேன். வேலைக்குப் போய்க்கொண்டே படித்ததால் இரண்டு வருஷப் படிப்பு நீண்டுகொண்டே போனது. ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம்: இங்கே முதல் இரண்டு வருஷத்தை உள்ளூர்க் கல்லூரியில் மலிவாக முடித்துவிட்டு, மீதி இரண்டு வருஷத்துக்குப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்பர் ஆகலாம். பாடங்களை யூனிட் கணக்கில்தான் எண்ணுவார்கள்: ஒரு யூனிட் 46 டாலர், மொத்தம் 60 யூனிட். வருமானம் குறைந்த குடும்பம் என்பதால் எனக்கு அந்தக் கட்டணமும் தள்ளுபடி ஆனது.

அப்பா ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளியும் முருங்கையும் போட்டவர். போர் வற்றியது, கடன் ஏறியது. மாமா எப்போதோ போட்டு வைத்திருந்த விசா மனு சரியாக அந்த நேரத்தில் கைக்கு வந்தது. இப்போது அப்பாவுக்குப் பாதாம் ஓடு நீக்கும் ஆலையில் வேலை. அறுவடை மாதங்களில் தூசியோடு வீட்டுக்கு வருவார்.

எனக்கு இந்தத் துறையில் ஆசை வந்ததற்கு ஒரு மோங் குடும்பம்தான் காரணம். வியட்நாம் போருக்குப் பிறகு லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மக்கள். ஃப்ரெஸ்னோவைச் சுற்றிக் குத்தகை நிலத்தில் காய்கறி போடுபவர்களில் இவர்கள் நிறைய. பாகற்காய், பீர்க்கங்காய், காராமணி, முருங்கைக்கீரை எல்லாம் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருக்கும் நம் ஆட்கள் கடையில் பார்த்ததும் ஆசையாக அள்ளுகிற கீரை, இவர்கள் தோட்டத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். நான் சொன்ன குடும்பம் போடுவது ஒன்பது ஏக்கர். சனிக்கிழமைச் சந்தையில் அவர்கள் கடையில் நின்று விற்க ஆரம்பித்தேன். அப்புறம் அவர்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது, படிவம் நிரப்புவது என்று வேலை வளர்ந்தது.

போன வருஷம் அவர்கள் பகுதியின் நிலத்தடி நீர் வாரியம் புதுக் கட்டணத்தையும், யார் எவ்வளவு இறைக்கலாம் என்ற ஒதுக்கீட்டையும் கொண்டுவந்தது. நோட்டீஸ் போனது நிலத்தின் சொந்தக்காரருக்கு. அவர் இருப்பது லாஸ் ஏஞ்சலஸில். மோட்டார் போடுகிற ஆளுக்கு ஒரு வரி கூடத் தெரியாது. வாரியக் கூட்டத்துக்கு நானே போனேன். பொதுமக்கள் பேச மூன்று நிமிஷம். குத்தகைக்காரருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள், ஒதுக்கீட்டில் அவர்களுக்கு என்ன உரிமை என்று எழுதி வையுங்கள் என்றேன். பேசி முடித்ததும் மேடையிலிருந்து ஒருவர் கேட்டார்: "நீங்கள் எந்த அமைப்பு?" நான் எந்த அமைப்பும் இல்லை. சரி, நன்றி, அடுத்தவர்.

எனக்கு ஆசை பெரிது, அதை மறைக்கவில்லை. ஒரு கிணற்றில் தண்ணீர் இறைக்க ஒதுக்கீடு கேட்பதோடு நிற்காமல், ஒருநாள் அந்த ஒதுக்கீட்டு விதியை எழுதுகிற மேசையில் உட்கார வேண்டும். மாநில வேளாண் துறை வரை போக வேண்டும்.

இப்போது மூன்று வாய்ப்பு ஒரே சமயத்தில் வந்து நிற்கிறது. கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அளவிலான ஒரு விவசாயிகள் சங்கத்தில் உறுப்பினர் சேர்க்கை வேலை. முழு நேரம், மருத்துவக் காப்பீட்டோடு. கிணறு வற்றிய சிற்றூர்களுக்காக வேலை செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் பகுதி நேர வேலை. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. மூன்றாவது, ஃப்ரெஸ்னோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்தில் சேர இடம். டேவிஸ் பல்கலைக்கழகத்துக்கும் அடுத்த வருஷம் முயற்சி செய்யலாம் என்று கல்லூரி ஆலோசகர் சொல்கிறார்.

அப்பா, "ஊர்ல கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுத்துக் கொடுத்துத்தான் இங்க வந்து சேர்ந்தோம். இங்கயும் வந்து மனு எழுதுறதையே தொழிலா வச்சுக்கப் போறியா?" என்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இந்த மாதிரி வேலையில் இருப்பவர்கள், இருந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

---

உண்மைவிளம்பி எழுதியது:

நர்சிங் படி. ஃப்ரெஸ்னோவில் ஆஸ்பத்திரிகள் ஆளில்லாமல் தவிக்கின்றன. ஆசையைச் சனிக்கிழமைகளில் வைத்துக்கொள்.

---

சேக்ரமென்டோக்காரன் எழுதியது:

வயதில் என் மகள் மாதிரி, அதனால் நீ என்றே எழுதுகிறேன். நான் மாநிலத் தலைநகர் சேக்ரமென்டோவில், சட்டமன்றத்தில் ஒரு உறுப்பினரின் அலுவலகத்திலும், பிறகு ஒரு கமிட்டியிலும் வேலை பார்த்தவன். பிறந்தது மயிலாப்பூர். வயலில் இறங்கியதில்லை. ஆனால் விவசாயம் சம்பந்தமாக வந்த கடிதங்களைப் படித்தே முடி நரைத்தது.

"நீங்கள் எந்த அமைப்பு?" என்று கேட்டதில் உனக்கு வருத்தம் இருப்பது தெரிகிறது. ஆனால் இந்தத் தொழிலில் முதல் கேள்வியே அதுதான். சட்டமன்றக் கமிட்டியில் ஒரு மசோதா விசாரணைக்கு வரும்போது என்ன நடக்கும் தெரியுமா? ஆதரவாக இரண்டு பேர், எதிராக இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு நிமிஷம் போலப் பேசலாம். மற்ற எல்லோரும் வரிசையில் நின்று மைக்கில் பேர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். ஃப்ரெஸ்னோவிலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டி வந்தவருக்கும் அதே ஒரு வரிதான். அதற்கு மேல் பேசினால் தலைவர் நிறுத்திவிடுவார்.

ஆக, அங்கே பேச்சு முடிவு செய்வது கொஞ்சம்தான். முடிவுக்குப் பாதை போடுவது அதற்கு முன்பே வந்து சேர்கிற கடிதம். கமிட்டியின் ஆலோசகர் ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு பகுப்பாய்வு எழுதுவார். இது என்ன செய்கிறது, யாரைப் பாதிக்கும், யார் ஆதரவு, யார் எதிர்ப்பு எல்லாம் அதில் வரும். உறுப்பினர்கள் பலர் மசோதாவைப் படிப்பதில்லை, அந்தப் பகுப்பாய்வைத்தான் படிக்கிறார்கள். கெடு தேதிக்குள் வந்த கடிதம்தான் அதில் ஏறும். நான் பார்த்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வாசகத்தை நூறு பேர் அனுப்பியவை, அவற்றை எண்ணி வைத்துவிடுவோம். அடுத்தது கோபம் மட்டும் இருப்பவை. அபூர்வமாக ஒரு கடிதம் வரும்: இந்தப் பிரிவில், இந்த வரியில், "நில உரிமையாளருக்கு அறிவிப்பு" என்று இருக்கிறது, "உரிமையாளருக்கும் குத்தகைதாரருக்கும்" என்று மாற்றுங்கள், காரணம் இது, எங்கள் கவுன்ட்டியில் ஒன்பது ஏக்கர் பயிரிடும் ஒருவருக்கு இதனால் நடந்தது இது. அந்த ஒரு பக்கத்தை ஆலோசகர் ராத்திரி வீட்டுக்கு எடுத்துப் போவார். நீ வாரியத்தில் பேசிய மூன்று நிமிஷத்தில் இந்தக் கடிதம் அப்படியே இருக்கிறது. எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு இடமும் உண்டு. செலவு பிடிக்கிற மசோதாக்களை நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டி ஒரு தனிக் கோப்பில் போட்டு வைக்கும். பிறகு ஒரே நாளில் மளமளவென்று வாசித்து, எது நகரும் எது நிற்கும் என்று அறிவித்துவிடுவார்கள். விவாதம் கிடையாது. நல்ல மசோதாக்கள் பல அங்கேதான் சத்தமில்லாமல் செத்துப்போகும். அந்தக் கோப்பிலிருந்து ஒன்றை வெளியே எடுக்க யாரிடம், எந்த வாரத்தில் பேச வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அமைப்புகள் சம்பளம் தருகின்றன. உன் அப்பாவிடம் இதைச் சொல். மனு எழுதுவது தொழில் இல்லைதான். எந்த மனு எந்த மேசைக்கு எந்த வாரம் போக வேண்டும் என்று தெரிவது தொழில்.

இப்போது உன் மூன்று வாய்ப்புக்கு வருகிறேன்.

டிரான்ஸ்பர் ஆகு. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சட்டமன்றத்தில் நுழைய நல்ல வாசல் கேப்பிட்டல் ஃபெல்லோஸ் திட்டம். ஏறக்குறைய ஒரு வருஷம் சம்பளத்தோடு உறுப்பினர் அலுவலகத்திலோ கமிட்டியிலோ அரசுத் துறையிலோ முழு நேர வேலை. அதற்கு நாலு வருஷ டிகிரி வேண்டும். இரண்டு வருஷ டிகிரியோடு உள்ளே வந்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் ஏறுவதற்குப் பத்து வருஷம் கூடுதலாக ஆகிறது.

டேவிஸ் பெரிய பேர், மறுக்கவில்லை. ஆனாலும் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் என்பேன். பிரச்சினை நடக்கும் இடத்தில் வீடு இருப்பவர்கள் தலைநகரில் குறைவு. வாரியக் கூட்டத்துக்கு மாதாமாதம் போகிற ஒரு மாணவி இரண்டு வருஷத்தில் அங்கே எல்லோருக்கும் தெரிந்த முகமாகிவிடுவாள். அது டேவிஸில் கிடைக்காது.

சங்க வேலையை முழு நேரமாக இப்போது எடுக்காதே. ஆனால் வாசலை அடைத்துவிடவும் வேண்டாம். உதாரணத்துக்கு ஃபார்ம் பியூரோ என்ற விவசாயிகள் சங்கத்தை எடுத்துக்கொள். அவர்களிடம் 18 முதல் 35 வயதுக்காரர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. கல்லூரி மாணவர்களுக்குக் கலந்துரையாடல் போட்டியும் நடத்துகிறார்கள். பட்டிமன்றம் மாதிரி எதிராளியை மடக்கினால் மார்க் இல்லை. ஒரு கமிட்டி போல உட்கார்ந்து எல்லோரையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவருபவருக்குத்தான் மார்க். சேக்ரமென்டோ வேலைக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியாக ஒன்று. குடியுரிமை வாங்கிவிட்டாயா? கிரீன் கார்டோடு மாநில வேலைகள் பல கிடைக்கும். ஆனால் அமெரிக்க வேளாண் துறை உள்ளிட்ட மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே. ஐந்து வருஷம் முடிந்திருந்தால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதே.

---

கருப்புச்சட்டை_பேக்கர்ஸ்ஃபீல்டு எழுதியது:

சகோதரி, சேக்ரமென்டோ ஐயா சொன்னது எல்லாம் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றி. யாருக்காகப் பேசுவது என்று அவர் கேட்கவே இல்லை.

உங்கள் அப்பா ஆலையில் கூலிக்கு வேலை செய்கிறார். பண்ணைத் தொழிலாளிக்கும் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் என்ற சட்டம் 2016ல் இங்கே வந்தது. அதுவரை 10 மணி நேரம் தாண்டினால்தான் ஓவர்டைம். பெரிய பண்ணைகளுக்கு 2022லும், 25 ஆளுக்குள் வைத்திருக்கும் சின்னப் பண்ணைகளுக்கு 2025லும்தான் அது முழுதாக அமலானது. தொழிலாளர் சங்கம் ஆதரித்தது, ஃபார்ம் பியூரோ எதிர்த்தது. "விவசாயத்துக்காகக் குரல்" என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்வார்கள். வேடிக்கை என்னவென்றால் வருமான வரிச் சட்டத்தில் விவசாயிகள் சங்கமும் தொழிலாளர் சங்கமும் ஒரே பிரிவில், 501(சி)(5)ல்தான் வருகின்றன!

கம்யூனிட்டி காலேஜ் டிகிரியோடு எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்கிறீர்கள். பண்ணைத் தொழிலாளர் தலைவி டொலோரஸ் ஹுவர்த்தா ஸ்டாக்டனில் படித்தது இரண்டு வருஷப் படிப்புதான். அந்தக் கல்லூரியின் வழிவந்ததுதான் இன்றைய சான் வாக்கின் டெல்டா காலேஜ். ஆசிரியர் வேலைக்குப் போனார். பசியோடு வந்த பண்ணைத் தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அதை விட்டார். 1962ல் சேசர் சாவேஸோடு சேர்ந்து தொழிலாளர் சங்கம் தொடங்கினார். அதற்கு முன்பே சேக்ரமென்டோவுக்கு நடையாய் நடந்து சட்டமன்றத்தில் பேசப் பழகியவர் அவர். 1965ல் டெலானோவில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தை முதலில் தொடங்கியவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான ஃபிலிப்பினோ தொழிலாளர்கள். ஹுவர்த்தா, சாவேஸ் சங்கம் பிறகு சேர்ந்துகொண்டது. முதலாளிகளோடு உட்கார்ந்து ஒப்பந்தம் பேசியவர் ஹுவர்த்தா. பண்ணைத் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமைக்கு 1975ல் இந்த மாநிலத்தில் சட்டமே வந்தது.

அவர் பெயருக்குப் பின்னால் பெரிய பட்டம் கிடையாது. பின்னால் ஆட்கள் இருந்தார்கள். அந்தத் தொண்டு நிறுவன வேலையை எடுங்கள். ஆட்களோடு இருங்கள்.

---

வாய்க்கால் எழுதியது:

நான் டுலேரி கவுன்ட்டியில் பாசன ஆலோசகர். கோயம்புத்தூரில் வேளாண் பொறியியல் படித்துவிட்டு வந்தவள். தம்பிகள் இரண்டு பேரும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் இரண்டு பேரும் பேச்சுக்காரர்கள்.

கண்ணு, நீ பேசப்போவது தண்ணீர். 2014ல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி 2040க்குள் இந்தப் பள்ளத்தாக்கின் மோசமான பகுதிகள் எல்லாம் இறைப்பையும் ஊறுவதையும் சமன் செய்தாக வேண்டும். சான் வாக்கின் பள்ளத்தாக்கில் குறைந்தது 5 லட்சம் ஏக்கர் தரிசாகும் என்று கலிஃபோர்னியா பொதுக்கொள்கை நிறுவனம் கணித்திருக்கிறது. திட்டம் சரியில்லை என்று மாநில நீர் வாரியம் 2024 ஏப்ரலில் டுலேரி ஏரிப் படுகையைக் கண்காணிப்பில் வைத்தது. அப்படி ஒரு படுகை மாட்டியது அதுதான் முதல் தடவை. மென்டோட்டா பக்கம் 1925க்கும் 1977க்கும் நடுவில் நிலமே சுமார் 28 அடி இறங்கியிருக்கிறது. இறைத்ததால் இறங்கியது. இதெல்லாம் கூட்டத்தில் யாரும் உனக்கு விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். அவர்கள் ஏக்கர் அடி கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கிற தண்ணீர், ஏறக்குறைய 12.3 லட்சம் லிட்டர்.

வாரியத்தில் உட்கார்ந்திருக்கும் ஆலோசனை நிறுவனத்தார் ஒரு ஸ்லைடைப் போட்டு, செயற்கைக்கோள் கணக்குப்படி இந்த நிலம் இவ்வளவு ஆவியாக்கியது, அதனால் இவ்வளவு கட்டு என்பார்கள். ஒன்பது ஏக்கரில் பதினைந்து காய்கறி மாறி மாறிப் போடுகிறவருக்கு அந்தக் கணக்கு சரியா? வருஷத்துக்கு மூன்று முறை விதைக்கிற பாத்தியும் நிரந்தரமாக நிற்கிற பாதாம் தோப்பும் ஒன்றா? இதைக் கேட்க உன்னால் முடிந்தால் அந்த அறையில் பென்சில்கள் நிற்கும். எந்த அமைப்பு என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். பெயரைத்தான் கேட்பார்கள்.

அதனால் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் போனால் வேளாண் வணிகத்தோடு நிற்காதே. அங்கே பாசனத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, 1980லிருந்து. மாணவர் வேலை கேள். மோட்டார் பரிசோதனைக்குக் கூடப் போ. கிணற்றுப் பதிவேடு படிக்கத் தெரிய வேண்டும், மண் பாடம் ஒன்று, நீரியல் ஒன்று. கணக்கு கொஞ்சம் கசக்கும், பரவாயில்லை.

இன்னொரு விஷயம், சின்னதுதான். சொட்டுநீருக்கும் மோட்டார் மாற்றுவதற்கும் மாநில வேளாண் துறை ஸ்வீப் என்ற மானியம் வைத்திருக்கிறது. எப்போதும் திறந்திருக்காது, நிதி வரும்போதுதான். நிலம் தன் பெயரில் இல்லாதவருக்கு அந்தப் படிவத்தில் எங்கெங்கே முட்டுகிறது என்று நீ நிரப்பும்போதே குறித்து வை. 2017ல் வந்த விவசாயிகள் சமத்துவச் சட்டத்தின்படி, இன அடிப்படையில் ஒதுக்கப்பட்டு வந்த விவசாயிகளையும் மாநில வேளாண் துறை கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். உன் மோங் குடும்பம் அதில் வரும். அந்தக் குறிப்பேட்டுக்கு ஒருநாள் வேலை வரும்.

உண்மைவிளம்பிக்கு: நர்சுகள் சாப்பிட வேண்டாமா?

---

ஒட்டன்சத்திரத்துப்பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஓவர்டைம் பகுதியில் நிறுத்தி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாய்க்கால் அக்கா எழுதியதைக் கேட்டுவிட்டு, "இந்தம்மாவுக்கு வெவரம் தெரியுது" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

கருப்புச்சட்டை அண்ணா, உங்கள் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. மோங் குடும்பம் அறுவடைக்கு ஆள் வைக்கும்போது கூலி கொடுக்க முழிப்பதையும் பார்த்திருக்கிறேன், அப்பா பதினோரு மணி நேரம் நின்றுவிட்டு வருவதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் நின்றால் இன்னொரு பக்கம் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கம்தான். அந்த நிலம் தரிசானால் குத்தகைக்காரருக்குப் பயிர் இல்லை, கூலிக்காரருக்கு வேலை இல்லை, பக்கத்து ஊரின் குடிநீர்க் கிணறும் அதே மட்டத்தில்தான் வற்றுகிறது. இப்போதைக்கு நான் அங்கே நிற்கிறேன். ஓவர்டைம் மாதிரி ஒன்று வரும் நாளில் எந்தப் பக்கம் என்று கேட்டால், அப்பா பக்கம். சங்கத்தில் வேலை கேட்டுப் போகும்போது இதைச் சொல்லலாமா கூடாதா என்பது தனிப் பிரச்சினை.

ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டில் சேரப் பணம் கட்டிவிட்டேன். மண்ணியல் பாடம் எடுக்கிறேன். சங்கத்தில் பகுதி நேரமாகத் தருவீர்களா என்று கேட்டேன். முழு நேரம் மட்டும்தான் என்றார்கள். தொண்டு நிறுவனம் வாரத்தில் இரண்டு நாள் சரி என்கிறது. குடியுரிமைக்கு இந்த வருஷக் கடைசியில் ஐந்து வருஷம் நிறைகிறது.

இன்னும் ஒரு சந்தேகம். அடுத்த மாதம் அதே வாரியத்தில் ஒதுக்கீட்டு விதி மறுபடி வருகிறது. தொண்டு நிறுவனத்தின் பெயரில் நான் பேச முடியாது, அவர்களுடைய வேலை குடிநீர் மட்டும். அப்படியானால் மறுபடியும் "எந்த அமைப்பு" என்று கேட்டால் என்ன சொல்வது?

---

சேக்ரமென்டோக்காரன் எழுதியது:

அமைப்பு வேண்டியதில்லை, ஒப்புதல் போதும். அந்தக் குடும்பத்தையும் அவர்களைப் போலக் குத்தகைக்கு இருப்பவர்களையும் பார். ஒரே பக்கத்தில் எழுது: "கீழே கையெழுத்திட்ட நாங்கள் இந்தப் பகுதியில் இத்தனை ஏக்கர் குத்தகைக்குப் பயிரிடுகிறோம். இந்த விதியில் எங்கள் சார்பாக இவர் பேசுவார்." ஒவ்வொரு கையெழுத்துக்கும் நேராக ஏக்கர், பயிர், கிணறு யாருடையது, எத்தனை வருஷமாகக் குத்தகை. ஆறு பேர் கிடைத்தாலும் போதும். மோங் மொழியிலும் அதே பக்கம் ஒன்று இருக்கட்டும், பெரியவர்கள் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும். நில உரிமையாளரோடு யாருக்காவது மனக்கசப்பு வரும் என்று தோன்றினால் அவரைக் கட்டாயப்படுத்தாதே. குத்தகை போய்விட்டால் நீ பேசி என்ன பயன்.

வாய்க்கால் அம்மா சொன்ன ஆவியாதல் கணக்கை அதன் கீழே ஒரு பத்தியாக வை. அவரையே ஒரு தடவை பார்க்கச் சொல், இந்தத் திரியில் கேட்டால் மறுக்க மாட்டார். கடைசியில் உனக்கு வேண்டிய திருத்தத்தை, விதியின் எண்ணோடு, அவர்கள் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்கிற மாதிரி எழுது.

வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும் என்பது பிரவுன் சட்டத்தின் விதி. நீ அதற்காகக் காத்திருக்காதே. வாரியத்தின் செயலரை இப்போதே கூப்பிட்டு, உறுப்பினர்களுக்குப் போகும் காகிதக் கட்டுக்குள் கடிதம் சேர எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று கேள். அந்தக் கட்டுக்குள் ஏறிவிட்டால் கூட்டத்தன்று நீ மூன்று நிமிஷமும் பேச வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

---

வாய்க்கால் எழுதியது:

பார்க்கிறேன். ஒன்பது ஏக்கரிலும் எந்த மாதம் எது நின்றது என்று அந்தக் குடும்பத்திடம் கேட்டு எழுதி அனுப்பு. அவர்கள் கடையின் சந்தை ரசீதுகள் இருந்தால் அதுவும் போதும், தேதியை வைத்துப் பயிரைக் கண்டுபிடித்துவிடலாம். கிணற்று மோட்டாரின் மின் கட்டண ரசீதையும் சேர்த்து வை.